எழுத்துப் போலியும் காலணிப் போலியும்

நன்னூலில் போலி என்னும் பகுதியைக் கற்பிப்பது எளிது. பந்தல் என்பது பந்தர் என நிற்கும். நிலம் என்பது நிலன் என நிற்கும். அரசு அரைசு ஆகும். ஓரெழுத்து நின்ற இடத்தில் மற்றோரெழுத்து வந்து நின்றும் பொருள் மாறவில்லையெனில் அது போலி. இலக்கணத்தில் இச்சொல்லுக்கு இழுக்கு ஏதுமில்லை. சில மாதங்களுக்கு முன் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரின் காலைச் சுட்டி, "ஐயா, இதுவும் போலிதான்" என்றார். வகுப்பு சிரித்தது. சுட்டப்பட்டவர் வெள்ளையும் சிவப்புமான உயர்கழுத்து ஷூ அணிந்திருந்தார். அவர் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்; பாடவேளை முடியும்வரை தலை நிமிரவில்லை.

சிரித்தவர்களைக் கண்டித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோமாயினும் இரண்டு வினாக்கள் நம்மை விடவில்லை. ஆறடி தொலைவிலிருந்து பார்த்து ஒரு காலணியைப் போலி என்று எவ்வாறு கூற முடிகிறது? அவ்வாறு கூறும்போது உண்மையில் எதனைக் கூறுகிறோம்? இவ்விரண்டையும் தொடர்ந்து படித்ததில் நாம் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். நம் துறை இதுவன்று. எனினும் மூலம் எது, படி எது என்று ஆராய்வது தமிழ் படித்தோர்க்கு முற்றிலும் அயலான வேலையும் அன்று.

முதலில் தொலைவான ஓர் எடுத்துக்காட்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இத்தாலியில், இன்றைய மோதெனா நகரப் பகுதியில், அகல் விளக்குகள் அச்சில் வார்க்கப்பட்டன. விளக்கின் அடியில் செய்தவர் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். அவற்றுள் 'ஃபோர்ட்டிஸ்' என்னும் பெயர் மிகவும் புகழ்பெற்றது. அப்பெயர் தாங்கிய விளக்குகள் கால் நாட்டிலும் ஜெர்மானிய எல்லையிலும் பிரிட்டனிலும் டான்யூப் ஆற்றங்கரை மாகாணங்களிலும் அகழ்வாய்வுகளில் கிடைத்துள்ளன. அவ்வளவும் மோதெனாவிலிருந்து சென்றவை அல்ல. ஆங்காங்கிருந்த குயவர்கள் ஓர் அசல் விளக்கை வாங்கி, அதன்மேல் களிமண்ணை அப்பி அச்செடுத்து, அடியில் இருந்த பெயரோடு சேர்த்தே புதிய விளக்குகளை வார்த்தனர்.

இதனை ஆய்வாளர்கள் கண்டறிந்த வழி நுட்பமானது. ஈரக் களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். எனவே, விளக்கிலிருந்து எடுத்த அச்சில் வார்த்த விளக்கு, மூல விளக்கைவிடச் சற்றே சிறியதாக இருக்கும். அதிலிருந்து மீண்டும் அச்செடுத்தால் அடுத்தது இன்னும் சிறியதாகும். எழுத்துகளின் விளிம்பும் மழுங்கும். அளவையும் எழுத்தின் கூர்மையையும் கொண்டு, ஒரு விளக்கு எத்தனையாவது தலைமுறைப் படி என்பதை ஊகிக்கலாம். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குவோர் அறிந்த முறையே இதுவும். ஒருவர் செய்த பிழை அவரைப் பார்த்து எழுதினோர் ஏடுகளிலெல்லாம் தொடரும். அப்பிழையைப் பற்றிக்கொண்டு ஏடுகளின் குடிவழியைக் காண்கிறோம். படியெடுத்தல் தன் தடத்தை விட்டுச் செல்கிறது. காலணியிலும் இத்தடத்தையே தேடுகின்றனர்.

எனினும் ரோமானிய விளக்கிற்கும் இன்றைய காலணிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இன்று குறியீட்டுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. பிரிட்டனில் வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1875 இல் இயற்றப்பட்டது. 1876 ஜனவரி 1 அன்று முதலாவதாகப் பதிவானது பாஸ் என்னும் மதுவாலையின் சிவப்பு முக்கோணம். அதன்பின் குறியீடு என்பது செய்தவர் இன்னார் என்னும் அறிவிப்பாக மட்டும் அமையவில்லை; வாங்கவும் விற்கவும் வழக்காடவும் கூடிய உடைமையாயிற்று.

ரப்பர் அடிகொண்ட விளையாட்டுக் காலணியான 'ஸ்னீக்கர்' பிறந்து வளர்ந்தது இந்த உடைமை உலகத்தில்தான். ஓசையின்றிப் பதுங்கி நடக்கலாம் என்பதால் வந்த பெயர் அது. கெட்ஸ் 1916 இலும், கான்வர்ஸ் நிறுவனத்தின் ஆல் ஸ்டார் 1917 இலும் வந்தன. ஜெர்மனியில் அடி டாஸ்லர் 1949 இல் அடிடாஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தார். அதன் அடையாளமான மூன்று கோடுகள் முன்பு ஃபின்லாந்தின் கார்ஹு நிறுவனத்திடம் இருந்தவை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கை ஒட்டி ஒரு சிறு தொகைக்கும் இரண்டு விஸ்கிப் புட்டிகளுக்கும் அவை கைமாறியதாகக் கூறுவர். உலகமே ஒரு நிறுவனத்தின் முகமாகக் கருதும் அடையாளமும் ஒருகாலத்தில் பிறருடையதாக இருந்திருக்கிறது.

நைக்கியின் தொடக்கம் இன்னும் வியப்பானது. ஃபில் நைட்டும் பில் பவர்மனும் 1964 இல் 'புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்' என்னும் பெயரில் தொடங்கியது, ஒனிட்சுகா டைகர் என்ற ஜப்பானியக் காலணிகளை அமெரிக்காவில் விற்கும் வணிகம். 1971 இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்த வளைகோட்டுச் சின்னத்தை 35 டாலருக்கு வாங்கித் தம் சொந்தப் பெயரில் விற்கலாயினர். அப்போது 'கார்ட்டெஸ்' என்ற ஓட்டக் காலணியைப் பற்றி இரு நிறுவனங்களுக்கும் வழக்கு மூண்டது. 1974 இல் வந்த தீர்ப்பின்படி இருவருமே அக்காலணியை விற்கலாம். கார்ட்டெஸ் என்னும் பெயர் மட்டும் நைக்கிக்கு உரியது. டைகர் நிறுவனம் தன்னுடையதை 'கோர்செய்ர்' என்று விற்றது. ஒரே வடிவம், இரண்டு பெயர்கள், இரண்டும் அசல். இலக்கணம் கூறும் போலிக்கு இதனைவிடப் பொருத்தமான காட்டு வணிகத்தில் கிடைப்பது அரிது.

இனி, காலணி எங்கே செய்யப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். நைக்கி தன் காலணிகளை முதலில் ஜப்பானிலும், பிறகு கொரியாவிலும் தைவானிலும் பிறர் ஆலைகளில் செய்வித்தது. அமெரிக்காவில் அதற்கிருந்த ஓரிரு ஆலைகளும் 1980களில் மூடப்பட்டன. வரைபடமும் விளம்பரமும் பெயரும் நிறுவனத்துடையவை. ஊசியும் பசையும் ஊழியர் கைகளும் ஒப்பந்தக்காரருடையவை. தைவானில் கூலி உயர்ந்தபோது அங்கிருந்த ஆலை முதலாளிகள் 1980களில் கடலைக் கடந்து எதிர்க்கரையான சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்துக்குச் சென்றனர். அவர்கள் இறங்கிய ஊர்களுள் ஒன்று பூத்தியன்.

பூத்தியன் கடலோர நகரம். மீனவர் வணங்கும் மாசு அன்னையின் மூலக்கோயில் அதனைச் சேர்ந்த மெய்சௌ தீவில் உள்ளது. தெற்கே அடுத்துள்ள சுவான்சௌ நகரம் நம்மவர்க்கு அறிமுகமானதே; 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுகம் அது. பூத்தியனுக்கு வந்த ஆலைகள் உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களுக்குக் காலணி தைத்தன. ஊரார் ஒரு தலைமுறைக் காலம் அத்தொழிலைக் கற்றனர். பின்னர் கூலி மலிவை நாடி வேலை வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் நகர்ந்தது. தைவானின் ஃபெங் டாய் குழுமம் நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில் நைக்கிக்காகக் காலணி செய்வதும் இந்நகர்வின் ஒரு பகுதியே. ஒப்பந்தங்கள் வேறு நாடுகளுக்குச் சென்றாலும் கற்ற கைகள் பூத்தியனிலேயே இருந்தன. பசை விற்பவரும், அச்சு செதுக்குபவரும், தோல் வெட்டுபவரும் அங்கேயே இருந்தனர். ஓர் அசல் சோடியை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் அதனைத் திரும்பச் செய்யும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. இல்லாதது அனுமதி ஒன்றே. பூத்தியன் போலிக் காலணிகளின் தலைநகர் என்று பெயர் பெற்றது. அங்குள்ள அன்ஃபு சந்தையில் வணிகம் இரவில்தான் சூடுபிடிக்கும் என்று அங்குச் சென்ற செய்தியாளர்கள் எழுதினர்.

செய்யும் கை இருந்தால் மட்டும் போதாது. வாங்கும் ஆசையும் வேண்டும். அவ்வாசையைப் பெருக்கியது 1985 இல் வந்த ஏர் ஜோர்டன். பீட்டர் மூர் வடிவமைத்த அக்காலணியின் விலை 65 டாலர். கறுப்பும் சிவப்புமான காலணி தன் விதிக்கு முரணானது என்று அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் எழுதிய கடிதத்தையே நைக்கி விளம்பரமாக்கிக்கொண்டது. முதல் ஆண்டில் விற்பனை 10 கோடி டாலரைத் தாண்டியது. பிற்காலத்தில் பழைய வடிவங்களைக் குறைந்த எண்ணிக்கையில் மீண்டும் வெளியிடும் வழக்கம் வேரூன்றியது. 2017 இல் வடிவமைப்பாளர் வெர்ஜில் அப்லோ, நைக்கியின் பத்துக் காலணிகளை மாற்றியமைத்தார். அவற்றுள் ஏர் ஜோர்டன் 1 காலணியின் கடை விலை 190 டாலர். மறுவிற்பனையிலோ சில ஆயிரம் டாலர்கள். அதில் தொங்கிய சிவப்பு நெகிழிப் பட்டையும் விலையின் ஒரு பகுதியாயிற்று. இவ்வாறு செய்கூலிக்கும் சந்தை விலைக்கும் இடையே மலைபோன்ற இடைவெளி தோன்றியபின், அவ்விடைவெளியில் போலி குடியேறுவது இயல்பே.

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். சோதிப்போர் எவற்றைப் பார்க்கின்றனர்? முதலாவது எண். நைக்கிக் காலணியின் உட்புறச் சீட்டில் ஆறு குறிகளும் ஒரு சிறுகோடும் அதன்பின் மூன்று இலக்கங்களும் கொண்ட வடிவ எண் இருக்கும். முற்பகுதி வடிவத்தையும் பிற்பகுதி நிறத்தையும் குறிக்கும். அது பெட்டியிலுள்ள எண்ணோடு பொருந்த வேண்டும்; அந்த எண்ணுக்குரிய காலணியாகவும் இருக்க வேண்டும். அதே சீட்டில் உற்பத்திக் காலமும் இருக்கும். காலணி வெளியான காலத்தோடு அது ஒத்துவர வேண்டும். அடிடாஸ் காலணிகளில் இடது வலது இரண்டின் சீட்டிலும் உள்ள தொடரெண்கள் வேறுபடும். அக்கறையற்ற போலிகளில் இரண்டிலும் ஒரே எண் அச்சாகியிருக்கும்.

இரண்டாவது வடிவம். ஏர் ஜோர்டன் 1 காலணியைப் பின்புறமிருந்து நோக்கினால் குதிகாலின் நடுப்பகுதி உடுக்கைபோல் ஒடுங்கியிருக்கும். பல போலிகளில் நேராக இருக்கும். கணுக்காலருகே உள்ள சிறகுச் சின்னம் அசலில் ஆழப் பதிந்து விளிம்பு கூராகத் தெரியும். போலியில் மேலோட்டமாக இருக்கும். ரோமானிய விளக்கில் மழுங்கிய எழுத்தை நினைவூட்டும் குறி இது. மூன்றாவது உட்புறம். மிதியட்டையைத் தூக்கிப் பார்த்து அடித்தையலின் நெருக்கத்தையும் பசையின் மணத்தையும் சோதிப்பர். புறஊதா விளக்கொளியில் காட்டி, தைப்பதற்காக வரைந்த மைக்கோடுகள் வெளிப்படுகின்றனவா என்றும் பார்ப்பர்.

ஆயினும் இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிக்காது. ஒரே வடிவத்தைப் பல ஆலைகள் செய்கின்றன; ஆகவே அசலுக்குள்ளேயே வேறுபாடுகள் உண்டு. நல்ல ஏடுகளிலும் பாடபேதம் இருப்பதைப் போன்றது இது. பசைக் கறையும் கோணிய தையலும் அசலிலும் காணப்படும். மாசுமறுவற்றது என்பதால் அசல் ஆகிவிடாது. குறையுடையது என்பதால் போலியும் ஆகிவிடாது. மேலும், சோதிப்போர் ஒரு குறியைப் பொதுவில் அறிவித்தவுடன் போலி செய்வோரும் அதனைப் படித்துத் திருத்திக்கொள்கின்றனர். மறுவிற்பனை நிறுவனங்கள் "சோதிக்கப்பட்டது" என்று ஒரு நெகிழிச் சீட்டைக் கட்டித் தரலாயின. விரைவில் அந்தச் சீட்டும் போலியாக வந்துவிட்டது. 2022 நவம்பரில் நைக்கியே வெளியிட்ட ஒரு ஜோர்டன் 1 சோடி பழைய கடையின் மூலையில் கிடந்ததுபோல் அமைக்கப்பட்டிருந்தது. கழுத்துத் தோலில் செயற்கை வெடிப்புகள், மஞ்சளித்த அடி, பெட்டிக்குப் பொருந்தாத மூடி, அக்காலத்து ரசீது போன்றதொரு தாள் ஆகியவை அதனுடன் வந்தன. நிறுவனம் பழமையைப் போலச் செய்தது. போலி செய்வோர் அவ்வெடிப்பைப் போலச் செய்தனர். சோதிப்போர் செயற்கை வெடிப்புகளுள் அசல் வெடிப்பு எது என்று தேடினர்.

வல்லுநரும் தவறுவர் என்பதற்கு நீதிமன்றச் சான்றே உண்டு. டெட்ராய்ட் நகரத்தின் ஸ்டாக்எக்ஸ் நிறுவனம், ஒவ்வொரு காலணியையும் தானே சோதித்து அனுப்புவதாகக் கூறி வளர்ந்தது. 2022 பிப்ரவரியில் நைக்கி அதன்மீது வேறொரு காரணத்துக்காக வழக்குத் தொடுத்தது. மே மாதத்தில், தான் அங்கு வாங்கிய நான்கு சோடிகள் போலி என்ற குற்றச்சாட்டையும் சேர்த்தது. அவ்வாண்டின் இறுதியில் அந்நிறுவனம் தன் சீட்டில் இருந்த 'அசல்' என்னும் சொல்லைக் கைவிட்டுச் 'சோதிக்கப்பட்டது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2025 மார்ச்சில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 37 போலிச் சோடிகளை விற்றதற்கு அந்நிறுவனம் பொறுப்பு என்று கூறியது. அவற்றுள் 33 ஒரே வாடிக்கையாளர் வாங்கியவை. அவ்வாண்டு ஆகஸ்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கையில் எடுத்துச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டோர்க்கு இந்நிலை எனில், ஆறடி தொலைவிலிருந்து கூறப்பட்ட தீர்ப்பின் மதிப்பு என்ன?

இரண்டாம் வினாவுக்கான விடையைச் சட்டத்தில் தேடினோம். அமெரிக்காவில் போலிக் குறியீட்டைக் குற்றமாக்கிய சட்டம் 1984 இல் வந்தது. அதில் ஒரு விலக்கு உண்டு. உரிமம் பெற்ற ஆலை, உரிமம் செல்லுபடியாகும் காலத்தில் அதே வகைப் பொருளைச் செய்திருந்தால், அளவுக்கு மேல் செய்தவை அச்சட்டத்தின் போலி வரையறைக்குள் வாரா. ஒப்பந்தத்தை மீறிய பொறுப்பு உரிமையியல் வழக்கில் தனியே நிற்கும். உரிமம் முடிந்த மறுநாள் அதே கை, அதே தோலில், அதே அச்சில் செய்தால் அது போலி. ஆகச் சட்டத்தின் நோக்கில் அசல் என்பது காலணியின் பண்பன்று. காலணிக்கும் பெயருக்கும் இடையிலுள்ள அனுமதி. பெயர் யாருடையது என்பதும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. சுவான்சௌவைச் சேர்ந்த ஜின்ஜியாங்கில் 'சியாவ்தான்' என்றொரு காலணி நிறுவனம் இருந்தது. ஜோர்டன் என்பதன் சீன ஒலிபெயர்ப்பு அது. மைக்கேல் ஜோர்டன் 2012 இல் வழக்குத் தொடுத்தார். 2016 டிசம்பரில் சீன உச்சநீதிமன்றம், சீன எழுத்தில் அமைந்த அப்பெயரில் அவருக்கு உரிமை உண்டு என்றும், ரோமன் எழுத்தில் எழுதிய 'சியாவ்தான்' மீது இல்லை என்றும் பிரித்துத் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் கூறுவதால் போலித் தொழிலுக்கு நாம் பரிந்து பேசுவதாகக் கொள்ள வேண்டா. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016 இல் உலக வணிகத்தில் 3.3 விழுக்காடு, அதாவது 50,900 கோடி டாலர், போலிப் பொருள்களின் பங்கு. கைப்பற்றப்பட்டவற்றுள் காலணியே முதலிடம். அமெரிக்க ஆடை, காலணித் தொழிற் சங்கம் 2022 இல் 47 போலிப் பொருள்களைச் சோதித்தபோது 17 பொருள்கள் பாதுகாப்பு அளவுகளில் தேறவில்லை. ஆர்சனிக், காட்மியம், ஈயம் போன்றவை கண்டறியப்பட்டன. அசலின் விலையை முழுதும் செலுத்திப் போலியைப் பெறுபவர் ஏமாற்றப்படுகிறார். இவை மெய்யான தீங்குகள். ஆனால் தீங்கு செய்தவர் விற்றவர். அறியாமல் வாங்கியவர் அதற்கு இரையானவர். அசல் வாங்க இயலாமல், தெரிந்தே எண்ணூறு ரூபாய்க்கு ஒரு சோடி வாங்கி அணிபவர், தமக்கு எட்டாத ஒரு பெயரின் நிழலில் நிற்க விரும்பினார். அது வகுப்பே கூடிச் சிரிக்கத்தக்க குற்றமாக நமக்குத் தோன்றவில்லை.

பூத்தியனின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2020களின் தொடக்கத்தில் அந்நகர நிர்வாகம் 'பூத்தியன் காலணி' என்னும் கூட்டு வணிகக் குறியை உருவாக்கி, உள்ளூர் ஆலைகளைத் தம் சொந்தப் பெயரில் விற்கத் தூண்டியது. நாற்பது ஆண்டுகள் பிறர் பெயரைத் தைத்த ஊர் தன் பெயரைத் தைக்கத் தொடங்கியது. அப்பெயரும் புகழ்பெற்றால் ஒருநாள் அதற்கும் போலி வரலாம். வந்தால் அதனையும் அவ்வூரார் வெற்றியின் அடையாளமாகவே கொள்வர் என்று எண்ணுகிறோம்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் இவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். போலி என்று கூறிய மாணவரிடம், நீர் எதனைப் பார்த்துக் கூறினீர் என்று கேட்டோம். குதிகால், சிறகுச் சின்னம், தையல் எதையும் அவர் கூறவில்லை. சற்றுத் தயங்கி, "அவனால இதை எப்படி ஐயா வாங்க முடியும்?" என்றார். அவர் பார்த்தது காலணியை அன்று, அணிந்தவரின் வீட்டை. அதனை அவரே தம் வாயால் கூறக் கேட்டபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. முன்வாரம் தலைகுனிந்திருந்த மாணவர் கால்களை நீட்டி அமர்ந்திருந்தார். அது அசலா போலியா என்று நாம் கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து, கடைப்போலிக்கு இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் எழுதிப் பாடத்தை முடித்தோம்.